தெளிந்த நீரில் எமனைக் கண்ட டாக்டர்

இராமநாதபுரம் கடற்கரையில் தேவிப்பட்டினத்துக்கு வடக்கே இருக்கிறது திருப்பாலைக்குடி. கிழக்கே பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் கடல். அத்தனை தண்ணீர் இருந்தும் குடிக்க ஒரு வாய் ஆகாது. இந்தக் கரையோரத்தில் பல இடங்களில் கிணறு தோண்டினாலும் உவர் நீர்தான் ஊறும். ஆகவே, குழாயில் வரும் நல்ல தண்ணீரைக் குடத்தில் பிடித்துப் பொன்னைப் போலக் காப்பாற்றுவார்கள்.

நல்ல தண்ணீரா என்று எப்படிப் பார்ப்பது? வாயில் கொஞ்சம் விட்டுப் பார்ப்பார்கள். உப்புக் கரிக்கவில்லை, தெளிவாகவும் இருக்கிறது என்றால் நல்ல தண்ணீர் என்று முடிவு செய்து விடுவார்கள்.

உப்பை நாக்கு காட்டிக் கொடுக்கும். ஆனால், நாக்குக்கும் கண்ணுக்கும் அகப்படாத எமன் ஒருவன் தெளிந்த தண்ணீரிலும் இருக்கக்கூடும். காலரா என்னும் வாந்திபேதி அவன் கொண்டு வரும் நோய்களில் ஒன்று. அந்த நோய் தண்ணீர் வழியாகத்தான் பரவுகிறது என்பதை, கிருமி என்றால் என்ன என்று டாக்டர்களே அறியாத காலத்தில் ஒருவர் கண்டுபிடித்தார். அவர் ஒரு கூலிக்காரரின் மகன். அவர் பெயர் ஜான் ஸ்னோ.

ஏழை வீட்டுப் பிள்ளை

ஜான் ஸ்னோ இங்கிலாந்தில் உள்ள யார்க் நகரில் 1813-ம் ஆண்டு மார்ச் மாதம் 15-ந் தேதி பிறந்தார். தகப்பனார் நிலக்கரிக் கிடங்கில் கூலி வேலை பார்த்தவர். வீட்டில் ஒன்பது குழந்தைகள். ஜான்தான் மூத்தவர்.

அவர்கள் குடியிருந்த பகுதி ஆற்றங்கரையில் இருந்தது. வெள்ளம் வந்தால் தெருவுக்குள் தண்ணீர் புகுந்து விடும். ஏழைகள் நெருக்கமாக வசித்த இடம் அது.

பையன் படிப்பில், அதிலும் கணக்கில் கெட்டிக்காரன். பெற்றோர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவனைப் படிக்க வைத்தார்கள். 14-வது வயதில் நியூகாசில் நகரில் ஒரு வைத்தியரிடம் தொழில் கற்க அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் வைத்தியம் கற்கும் பையன்கள் வைத்தியர் வீட்டிலேயே தங்கி, மருந்து அரைப்பது முதல் எல்லா வேலைகளையும் செய்ய வேண்டும். ஸ்னோவும் அப்படித்தான் கற்றார்.

17-வது வயதில் அவர் மாமிச உணவை விட்டார். மது அருந்துவதில்லை என்றும் உறுதி செய்துகொண்டார். பிற்காலத்தில் மதுவிலக்குப் பிரசாரமும் செய்தார்.

சுரங்கத்தில் கண்ட காட்சி

1831-ம் ஆண்டில் இங்கிலாந்துக்குள் காலரா புகுந்தது. வங்காளத்தில் கங்கைக் கரையில் 1817-ம் ஆண்டில் பெரிய அளவில் தலைதூக்கிய நோய் அது. கப்பல் போன வழியிலும் படை போன வழியிலும் பரவி ஐரோப்பாவை எட்டியது. காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் பிணமாவார். உடம்பிலுள்ள தண்ணீர் எல்லாம் வாந்தியாகவும் பேதியாகவும் வெளியேறி, கண்கள் குழி விழுந்து, தோல் நீலம் பாய்ந்து இறந்து போவார்கள்.

நியூகாசிலுக்குப் பக்கத்தில் கில்லிங்வொர்த் என்ற இடத்தில் நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. அங்குள்ள தொழிலாளர்களைக் காலரா தாக்கியது. வைத்தியருக்கு நேரம் போதவில்லை. ஆகவே 18 வயதான ஸ்னோவை அங்கே அனுப்பினார். வாலிபர் இரவு பகலாகப் பாடுபட்டார். ஆனாலும் பலரைக் காப்பாற்ற முடியவில்லை.

அங்கே அவர் ஒன்றைக் கவனித்தார். சுரங்கத்துக்குள் கக்கூஸ் கிடையாது. கை கழுவத் தண்ணீரும் கிடையாது. இருட்டிலே அழுக்குக் கையோடு ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். ஒருவனுக்கு நோய் வந்தால் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் வந்தது. இந்தக் காட்சி ஸ்னோவின் மனதில் பதிந்து விட்டது. இதன் பொருள் அவருக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

மகாராணிக்கு வைத்தியம்

1836-ம் ஆண்டில் ஸ்னோ லண்டனுக்குப் போனார். பெரும்பாலும் நடந்தே போனார். அங்கே வைத்தியக் கல்லூரியில் சேர்ந்து பட்டம் பெற்றார். 1844-ம் ஆண்டில் லண்டன் சர்வகலாசாலையின் எம்.டி. பட்டமும் கிடைத்தது.

1846-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஈதர் என்ற மருந்தின் ஆவியை முகரச் செய்து வலி தெரியாமல் ஆபரேஷன் செய்தார்கள். செய்தி லண்டனுக்கு வந்ததும், எவ்வளவு ஆவி கொடுத்தால் நோயாளி மயங்குவார், எவ்வளவு கொடுத்தால் ஆபத்து என்று ஸ்னோ கணக்கிட்டு ஆராய்ந்தார். அளவாகக் கொடுக்க ஒரு கருவியும் செய்தார். விரைவில் மயக்க மருந்து கொடுப்பதில் லண்டனிலேயே முதன்மையானவர் என்று பெயர் பெற்றார்.

1853-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 7-ந் தேதி விக்டோரியா மகாராணிக்குப் பிரசவம். அரண்மனைக்கு ஸ்னோ அழைக்கப்பட்டார். கைக்குட்டையில் குளோரோபாரம் விட்டுச் சிறிது சிறிதாக முகரச் செய்தார். மகாராணி வேதனை குறைந்து பிள்ளை பெற்றார். 1857-ம் ஆண்டிலும் மகாராணியின் பிரசவத்துக்கு அவரே போனார். கூலிக்காரரின் மகன் மகாராணிக்கே வைத்தியம் செய்யும் அளவுக்கு உயர்ந்தார்.

ஸ்னோ திருமணம் செய்துகொள்ளவில்லை. எளிமையாக வாழ்ந்தார். புகழோடும் பணத்தோடும் அவர் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால், சுரங்கத்தில் கண்ட காட்சி அவரை விடவில்லை.

காற்றா, தண்ணீரா?

1848, 1849-ம் ஆண்டுகளில் காலரா மீண்டும் வந்தது. லண்டனில் மட்டும் 14 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

சாக்கடையிலிருந்து கிளம்பும் கெட்ட காற்றினால்தான் காலரா வருகிறது என்று அன்றைய டாக்டர்கள் நம்பினார்கள். அரசாங்கமும் அப்படியே நம்பியது. நாற்றத்தைப் போக்குவதாக எண்ணி, வீட்டு மலக்குழிகளில் இருந்ததை எல்லாம் தேம்ஸ் நதியில் விழும்படி செய்தார்கள். லண்டன் மக்களில் பலர் அந்த நதியின் தண்ணீரைத்தான் குடித்தார்கள்.

ஸ்னோவுக்கு ஆவிகளின் இயல்பு நன்றாகத் தெரியும். அவருடைய தொழிலே அதுதான். மருந்தின் ஆவி கைக்குட்டையை விட்டுச் சற்று விலகினாலே சக்தி குறைந்து விடும். அப்படியிருக்க, காற்றில் வரும் விஷம் ஒரு வீட்டாரைக் கொன்று, அடுத்த வீட்டாரை விட்டு விடுமா? மேலும், காலரா முதலில் தாக்குவது வயிற்றை. மூச்சில் போன விஷமானால் நுரையீரலை அல்லவா முதலில் தாக்க வேண்டும்?

ஆகவே காலரா விஷம் வாய் வழியாக வயிற்றுக்குள் போகிறது, நோயாளியின் மலத்தில் வெளியேறித் தண்ணீரில் கலக்கிறது, அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்கு நோய் வருகிறது என்று ஸ்னோ முடிவு செய்தார். 1849-ம் ஆண்டில் இதை ஒரு சிறு புத்தகமாக வெளியிட்டார். அதை ஏற்றவர்கள் மிகச் சிலரே.

பிராட் தெருப் பம்பு

1854-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ந் தேதி இரவு, லண்டனில் சோகோ என்ற பகுதியில் காலரா திடீரென்று வெடித்தது. பத்தே நாட்களில் 500 பேருக்கு மேல் இறந்தார்கள். உயிர் தப்பினவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடினார்கள். ஸ்னோ அந்த இடத்துக்குப் போனார். மரணக் கணக்கை வாங்கிக்கொண்டு வீடு வீடாக விசாரித்தார்.

பிராட் தெருவில் ஒரு கை பம்பு இருந்தது. அதன் தண்ணீர் தெளிவாக இருக்கும், சுவையாகவும் இருக்கும். தூரத்தில் உள்ளவர்கள்கூட அதைத் தேடி வந்து பிடித்துப் போவார்கள். இறந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் அந்தப் பம்பைச் சுற்றி வசித்தவர்கள் என்று ஸ்னோ கண்டார்.

அதே தெருவில் ஒரு சாராய ஆலை. அங்கு வேலை பார்த்த சுமார் 70 பேரில் ஒருவரும் சாகவில்லை. அவர்கள் ஆலையில் கிடைத்த பீரையே குடித்தார்கள். ஆலைக்குத் தனிக் கிணறும் இருந்தது. பக்கத்தில் ஓர் அநாதை விடுதி. அதில் 535 பேர். இறந்தவர்கள் 5 பேர் மட்டுமே. அங்கும் தனிக் கிணறு.

இதைவிட வியப்பான சேதி ஒன்று கிடைத்தது. ஹாம்ப்ஸ்டெட் என்ற தூரத்துப் பகுதியில் ஒரு விதவை காலராவில் இறந்தார். அங்கே வேறு யாருக்கும் அந்த நோய் இல்லை. விசாரித்ததில், அந்த அம்மாள் முன்பு பிராட் தெருவில் வசித்தவர் என்று தெரிந்தது. அந்தப் பம்புத் தண்ணீரின் சுவையை மறக்க முடியாமல், தினமும் ஒரு பாட்டிலில் வண்டி மூலம் வரவழைத்துக் குடித்தார். அவரைப் பார்க்க வந்த உறவுக்காரப் பெண்ணும் அதைக் குடித்து விட்டுத் தன் ஊருக்குப் போய் இறந்தார். கெட்ட காற்றை யாரும் பாட்டிலில் அனுப்பவில்லை. தண்ணீர்தான் பாட்டிலில் போயிற்று!

செப்டம்பர் 7-ந் தேதி ஸ்னோ அந்தப் பகுதி நிர்வாகிகளிடம் போய் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். அவர்களுக்குப் பூரண நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் மறுநாள் பம்பின் கைப்பிடியைக் கழற்றி விட்டார்கள்.

அதற்குள் நோயின் வேகம் தணிந்திருந்தது. மக்கள் ஊரை விட்டு ஓடியதும் அதற்கு ஒரு காரணம். ஆகவே, கைப்பிடியைக் கழற்றியதில் என்ன பயன் என்று கேட்டவர்களும் உண்டு.

இதற்குப் பதிலைத் தேடித் தந்தவர் ஹென்றி ஒயிட்ஹெட் என்ற இளம் பாதிரியார். ஸ்னோ சொல்வது தவறு என்று காட்டவே அவர் விசாரிக்கத் தொடங்கினார். விசாரிக்க விசாரிக்க ஸ்னோ சொன்னதே சரி என்று ஆயிற்று. பம்புக்கு எதிரே இருந்த வீட்டில் ஒரு கைக்குழந்தைக்கு ஆகஸ்டு இறுதியில் பேதி கண்டிருந்தது. தாய் குழந்தையின் துணிகளை அலசி, அந்தத் தண்ணீரை வீட்டு மலக்குழியில் ஊற்றினாள். குழிக்கும் பம்புக் கிணற்றுக்கும் இடைவெளி மூன்று அடிகூட இல்லை. குழியின் செங்கல் சுவர் இற்றுப் போயிருந்ததால் அழுக்கு கிணற்றுக்குள் கசிந்தது. கைப்பிடியைக் கழற்றிய அதே நாளில் அந்தக் குழந்தையின் தகப்பனும் காலராவில் படுத்தார். பம்பு ஓடியிருந்தால் சாவு மறுபடியும் தொடங்கியிருக்கும்.

ஒரே தெரு, இரண்டு குழாய்

அதே ஆண்டில் ஸ்னோ செய்த இன்னொரு வேலை இதைவிடப் பெரியது. அது குழாய்த் தண்ணீரைப் பற்றியது.

தென் லண்டனில் இரண்டு கம்பெனிகள் வீடுகளுக்குக் குழாயில் தண்ணீர் கொடுத்தன. சவுத்வார்க்-வாக்ஸ்ஹால் கம்பெனி, நகரத்துச் சாக்கடை கலந்த இடத்தில் தேம்ஸ் நீரை எடுத்தது. லாம்பெத் கம்பெனி 1852-ம் ஆண்டில் நதியின் மேல்பக்கத்துக்கு, சாக்கடை கலக்காத இடத்துக்கு மாறி விட்டது. பல தெருக்களில் இரண்டு கம்பெனிக் குழாய்களும் ஓடின. ஒரு வீட்டுக்கு இந்தக் கம்பெனித் தண்ணீர், அடுத்த வீட்டுக்கு அந்தக் கம்பெனித் தண்ணீர். இரண்டு வீட்டாருக்கும் ஒரே காற்று, ஒரே தெரு, ஒரே வாழ்க்கை. வேறுபட்டது தண்ணீர் ஒன்றுதான். மூன்று லட்சம் மக்கள் தங்களை அறியாமலே இந்தப் பரீட்சைக்கு ஆளானார்கள்.

ஸ்னோ வீடு வீடாக ஏறி இறங்கினார். குடியிருந்தவர்களில் பலருக்குத் தங்கள் தண்ணீர் எந்தக் கம்பெனியுடையது என்றே தெரியவில்லை. இங்கேதான் உப்பு அவருக்குக் கை கொடுத்தது. கடல் நீர் ஏற்றத்தாலும் சாக்கடையாலும் சவுத்வார்க் கம்பெனித் தண்ணீரில் உப்பு சுமார் 40 மடங்கு அதிகம் இருந்தது. குழாய்த் தண்ணீரைச் சிறு சீசாவில் பிடித்து, வெள்ளி நைட்ரேட் என்ற மருந்தை விட்டால், உப்புள்ள தண்ணீர் பால் போல் வெளுத்து விடும். அதைக் கொண்டு எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று சொல்லி விட்டார். குடிநீரில் உப்பை அளக்க வெள்ளி நைட்ரேட்டை இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

கணக்கு முடிந்தது. அந்தக் காலரா பரவிய முதல் ஏழு வாரங்களில், சவுத்வார்க் கம்பெனித் தண்ணீர் குடித்த வீடுகளில் இறந்தவர்கள், பத்தாயிரம் வீட்டுக்கு 315 பேர். லாம்பெத் கம்பெனி வீடுகளில் பத்தாயிரத்துக்கு 37 பேர்தான்.

வாழ்ந்தபோது வராத புகழ்

1855-ம் ஆண்டில் ஸ்னோ தம் ஆராய்ச்சியை விரிவான புத்தகமாக வெளியிட்டார். அதற்காக 200 பவுனுக்கு மேல் செலவழித்தார். அத்தனை ஷில்லிங்குகூடத் திரும்பி வரவில்லை. 20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுன் என்பதை நினைத்தால் நஷ்டம் எவ்வளவு என்று தெரியும்.

அரசாங்கம் அமைத்த குழு அவருடைய முடிவை ஏற்கவில்லை. லான்செட் என்ற வைத்தியப் பத்திரிகை அவரைக் கேலி செய்தது.

1858-ம் ஆண்டு ஜூன் மாதம் 10-ந் தேதி, மயக்க மருந்து பற்றிய புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை எழுதிக்கொண்டிருந்தபோது ஸ்னோவுக்குப் பக்கவாதம் கண்டது. 16-ந் தேதி காலமானார். வயது 45. லான்செட் அவருடைய மரணத்தைச் சில வரிகளில் வெளியிட்டது. அதில் காலராவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தக் குறையை உணர்ந்து, 155 ஆண்டுகள் கழித்து, 2013-ம் ஆண்டில் அதே பத்திரிகை அவருக்கு முறையான அஞ்சலிக் கட்டுரை வெளியிட்டது.

அவர் இறந்த பிறகு உண்மை வென்றது. 1866-ம் ஆண்டில் கிழக்கு லண்டனில் காலரா பரவியது. அந்தப் பகுதிக்குத் தண்ணீர் கொடுத்த கம்பெனி, வடிகட்டாத தண்ணீரை விட்டதில்லை என்று சாதித்தது. ஆனால், குழாயில் விலாங்கு மீன் வந்ததாக வாடிக்கைக்காரர்கள் சாட்சி சொன்னார்கள்! 1884-ம் ஆண்டில் ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் காக், கல்கத்தாவில் ஒரு குளத்து நீரிலேயே காலராக் கிருமியைக் கண்டார். ஸ்னோ மனதால் கண்ட எமன் அப்போது கண்ணுக்கும் தெரிந்தான்.

பிறகு உலகத்தின் நகரங்கள் தண்ணீரை மணலில் வடிகட்டவும் குளோரின் மருந்து கலக்கவும் தொடங்கின. சென்னையில் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914-ம் ஆண்டு முதல் மணலில் வடிகட்டிய நீரைக் கொடுக்கலாயிற்று.

நம் கரையில்

காலரா நம் கரைக்குப் புதியது அல்ல. முன்பு இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை மண்டபம் முகாமில் சில நாட்கள் தங்க வைத்துச் சோதித்த பிறகே கப்பல் ஏற்றினார்கள். காலரா, அம்மை போன்ற நோய்கள் தீவுக்குள் நுழையாமல் தடுக்கவே அந்த ஏற்பாடு. 1992-ம் ஆண்டில் காலராவின் ஒரு புது வகைக் கிருமி முதன்முதலாகச் சென்னையில் கண்டுபிடிக்கப்பட்டது. 2022-ம் ஆண்டு ஜூலை மாதம் காரைக்காலில் காலரா பரவி, அவசர நிலை அறிவிக்க நேர்ந்தது. குடிநீரில் கழிவு நீர் கலந்ததே காரணம் என்று கூறப்பட்டது.

இந்த நூற்றாண்டின் முதல் பத்து ஆண்டுகளில், காவிரி நீரைத் திருச்சிப் பக்கத்திலிருந்து குழாயில் இராமநாதபுரம் மாவட்டத்துக்குக் கொண்டு வரும் திட்டம் நிறைவேறியது. உப்புத் தண்ணீருக்கு விடிவு பிறந்தது. ஆனால், நெடுந்தூரம் வரும் தண்ணீர் புறப்பட்ட இடத்தில் சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. குழாய் நிரம்பி ஓடும்போது, விரிசல் இருந்தால் தண்ணீர் வெளியே கசியும். தண்ணீர் நின்று குழாய் காலியானதும், வெளியே தேங்கிய சாக்கடை அதே விரிசல் வழியாக உள்ளே புகும். மறுபடி தண்ணீர் விடும்போது அதுவும் சேர்ந்து வீட்டுக்கு வரும். பிராட் தெருவில் கசிந்த குழி செய்த வேலையை இங்கே விரிசல் விட்ட குழாய் செய்து விடும்.

ஆகவே குழாயில் முதலில் வரும் தண்ணீரைப் பிடிக்காமல் விட வேண்டும். தண்ணீர் கலங்கி வந்தாலும், நாற்றம் அடித்தாலும், தெருவில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் பேதி கண்டாலும் உடனே ஊராட்சிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் சொல்ல வேண்டும். குழாய்த் தண்ணீரில் லேசாகக் குளோரின் வாசனை இருந்தால் முகம் சுளிக்க வேண்டாம். அது காவல்காரன் இருப்பதற்கு அடையாளம். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் வீட்டுக் குழாய் வரை எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

சந்தேகமான தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் காலராக் கிருமி சாகும். பிறகு மூடி வைத்து, பிடியுள்ள கரண்டியால் மொள்ள வேண்டும். கையை விட்டு மொள்ளக் கூடாது. ஆனால், கொதிக்க வைத்தால் உப்புப் போகாது. தண்ணீர் சுண்டுவதால் உப்பு சற்றுக் கூடத்தான் செய்யும். உப்புக்கு வழி வேறு, கிருமிக்கு வழி வேறு.

பேதி கண்டவருக்கு, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து அடிக்கடி கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். ஸ்னோவின் காலத்தில் இந்த எளிய மருந்து தெரிந்திருந்தால் ஆயிரக்கணக்கானவர்கள் பிழைத்திருப்பார்கள்.

லண்டனில் அந்தத் தெருவில் இன்று ஒரு பம்பை நினைவுச் சின்னமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதற்குக் கைப்பிடி கிடையாது. மற்றப் பெரியோர்களுக்குச் சிலை வைப்பார்கள். குடிக்கும் தண்ணீரைச் சந்தேகித்து, வீடு வீடாக நடந்து, ஊர் உலகத்தைக் காத்த ஜான் ஸ்னோவுக்குக் கைப்பிடி இல்லாத பம்பே சிலை!